பிரிக்கிறதுக்கு முன்னாடி பாருங்கய்யா!

"நம்பர்ஸ் மேட்சிங்" என்று யாராவது ஆரம்பித்தால் இப்போதெல்லாம் எனக்குப் பித்தம் தலைக்கேறிவிடுகிறது. டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய கார் விற்கிறவர்கள் வாயில் முதலில் வருவது இதுதான். வண்டியின் நம்பரும் இன்ஜினில் அடித்திருக்கும் நம்பரும் ஒத்துப்போகிறதாம். அதாவது, ஆலையிலிருந்து இறங்கிய அன்று இருந்த அதே இன்ஜின்தான் இன்றும் இருக்கிறதாம். சரி, எந்த நம்பர், எதோடு மேட்சிங் என்று திருப்பிக் கேளுங்கள். பாதிப் பேர் பானெட்டைச் சாத்திவிட்டு, பெயிண்ட் எப்படி மின்னுகிறது பார் என்று பேச்சை மாற்றுவார்கள்.

விற்கிறவனை விடுங்கள், அவன் பிழைப்பு அது. என் வயிற்றெரிச்சல் வாங்குகிற நம்மாட்களைப் பற்றியது. மிச்சிகனில் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். பகலெல்லாம் மின்சாரக் காரின் பேட்டரிக்கு மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் க்ரூஸுக்குக் குடும்பத்தோடு போவார்கள். 1995-ல் ஆரம்பித்த திருவிழா அது. அறுபதுகளின் வண்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டு போகும். அதைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு அன்றைக்கே ஜுரம் பிடித்துக்கொள்ளும். அடுத்த வாரம் எனக்கு ஃபோன் வரும்: "அண்ணே, ஒரு ஷெவர்லே ஷெவெல் பார்த்திருக்கேன். 1970. எஸ்.எஸ். 454. ரெஸ்டோர் பண்ணினா சூப்பரா வந்துடும்ணே."

பார்த்திருக்கேன் என்றால் எதைப் பார்த்தாய் தம்பி? சிவப்பு நிறத்தையும், பானெட்டில் ஓடும் கறுப்புப் பட்டையையும், கிரில்லில் மின்னும் எஸ்.எஸ். என்ற இரண்டு எழுத்தையும்தானே?

இதே தம்பி ஊரில் ரெண்டரை சென்ட் மனை வாங்குவதாக இருந்தால் என்ன பாடு படுத்துவார் தெரியுமா? தாய்ப்பத்திரம் எங்கே என்பார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். பட்டா யார் பேரில், சர்வே நம்பர் உட்பிரிவு ஆகியிருக்கிறதா, தங்கச்சி விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாளா என்று வக்கீலையே கிறுகிறுக்க வைப்பார். அந்த மனை விலைக்கு மேலேயே விலை போகிற காருக்கு மட்டும் ஒரு காகிதம் கேட்கக் கூச்சம்.

இந்த ஷெவெல் மாதிரியான மஸில் கார் என்பதே முதலில் ஒரு தில்லுமுல்லில் பிறந்த சாதி. நடுத்தரக் குடும்பம் ஓட்டுகிற சாதாரண உடம்பு. அதற்குள் பெரிய காரின் இன்ஜினைத் திணித்துவிடுவது. அவ்வளவுதான் சூத்திரம். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாதென்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை உத்தரவு போட்டிருந்த காலம். பான்டியாக் பிரிவில் இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் அந்த உத்தரவில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். புது மாடல் என்றால்தானே மேலிடத்தின் அனுமதி வேண்டும்? 'லெ மான்ஸ்' காருக்கு முந்நூறு டாலருக்குள் ஒரு கூடுதல் ஆப்ஷன் என்று பட்டியலில் சேர்த்து, 389 கன அங்குல இன்ஜினை உள்ளே இறக்கிவிட்டார்கள். அதுதான் 1964-ன் ஜி.டி.ஓ.

அன்று தலைமையை ஏமாற்றச் செய்த காரியம் இன்று வாங்குகிறவன் தலையில் விடிகிறது. ஆப்ஷன் என்பதால் 1964, 65 ஆகிய இரண்டு வருஷத்து ஜி.டி.ஓ.வுக்கும் சாதா லெ மான்ஸுக்கும் வண்டி நம்பரில் ஒரு வித்தியாசமும் கிடையாது. 1966-ல் தனி மாடல் ஆனபிறகுதான் நம்பரே 242 என்று தொடங்கி, நான் ஜி.டி.ஓ. என்று சொல்லிக்கொண்டது. அதற்கு முந்தைய வண்டியை வைத்துக்கொண்டு ஒருவன் சத்தியம் செய்தால், அந்தச் சத்தியத்துக்குக் கற்பூரம்தான் மிச்சம். நல்லவேளையாக பான்டியாக் ஆலையின் பழைய பில் பதிவுகள் பிழைத்துக் கிடந்தன. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்புக்கு வண்டி நம்பரைக் கொடுத்துப் பணம் கட்டினால், அந்த வண்டி என்னென்ன ஆப்ஷனோடு, எந்த டீலருக்குப் போனது என்று நகல் தந்துவிடுவார்கள். செலவு பார்த்தால் ஒரு டயர் விலைகூட ஆகாது. அதைக்கூடச் செய்யாமல் முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறார்களே, அங்கேதான் எனக்கு ஆற்றாமை.

ஷெவெல் கதை இன்னும் மோசம். 1970 மாடலின் நம்பர் 13637 என்று தொடங்கினால், முதல் 1 ஷெவர்லே; 36 என்றால் வி-8 இன்ஜின் வைத்த மாலிபு; 37 என்றால் இரண்டு கதவு கூபே. அப்புறம் வருஷத்துக்கு ஒரு 0, ஆலைக்கு ஓர் எழுத்து, பிறகு வரிசை எண். முடிந்தது கதை. அந்த வி-8, ஆசிரியர் ஒருவர் பள்ளிக்கூடம் போய்வர வாங்கிய 307 கன அங்குல இன்ஜினா, 450 குதிரைத்திறன் கொண்ட எல்.எஸ்.6 என்கிற 454-ஆ என்று அந்த நம்பர் வாயைத் திறக்காது. 1966 முதல் 68 வரை எஸ்.எஸ். 396-க்குத் தனியாக 138 என்று நம்பர் தொடங்கியது. 1969-ல் அதையும் ஆப்ஷன் ஆக்கித் தொலைத்தார்கள். இன்ஜினுக்கென்று ஓர் எழுத்து வந்ததே 1972-ல்தான்.

கம்பெனியிடம் கேட்கலாமே என்பீர்கள். ஷெவர்லே அமெரிக்காவில் விற்ற அந்தக் காலத்துக் கார்களுக்கு ஆலைப் பதிவுகளைக் காப்பாற்றி வைக்கவில்லை. கனடாவில் விற்ற வண்டி என்றால் அங்குள்ள ஜெனரல் மோட்டார்ஸ் இன்றும் ஆவணம் தருகிறது. ஒரே கம்பெனி, டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில் காகிதம் இருக்கிறது, இக்கரையில் இல்லை! லட்சக்கணக்கில் வண்டி விற்ற கம்பெனிக்கு நாலு பீரோ வாங்கிப் போட வக்கில்லாமல் போயிற்றா என்று தோன்றும். அன்றைக்கு அவர்களுக்கு இது நாலு வருஷம் ஓட்டிவிட்டுத் தூக்கிப் போடுகிற தகரம். ஐம்பது வருஷம் கழித்து ஒருவன் டார்ச் லைட் அடித்துத் தேடுவான் என்று யார் கண்டார்கள்?

ஃபோர்டு வாங்குகிறவன் கொடுத்து வைத்தவன். நம்பரின் ஐந்தாவது இடத்திலேயே இன்ஜினின் எழுத்து உட்கார்ந்திருக்கும்: ஜி என்றால் பாஸ் 302, ஆர் என்றால் ராம் ஏர் வைத்த 428 கோப்ரா ஜெட். 1967 முதல் உள்ள ஆலைத் தரவுகளை உரிமம் பெற்று வைத்திருக்கும் கெவின் மார்ட்டியின் நிறுவனம் வண்டியின் ஜாதகத்தையே அச்சடித்துத் தருகிறது. க்ரைஸ்லர் ஆட்களுக்கும் பெரிய குறை இல்லை. 1970, 71 பிளிமத், டாட்ஜ் நம்பரில் ஆர் என்று இருந்தால் 426 ஹெமி இன்ஜின். 1970-ல் ஹெமி போட்ட திறந்த கூரை பிளிமத் 'குடா' மொத்தமே பதினான்குதான் என்பதால், ஊருக்கு ஒன்று முளைக்கும்போது சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஆக, ஷெவர்லேக்காரன் கடைசியில் இன்ஜினிடம்தான் போய் நிற்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் வலப்பக்கம் இருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல்முகத்தில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சின்ன மேடை உண்டு. ஆல்டர்னேட்டரும் கிரீஸும் மறைத்துக்கொண்டிருக்கும். பழைய துணியில் கொஞ்சம் தின்னரைத் தொட்டு மெதுவாகத் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. T0218CRV என்பது போல ஒரு வரி தெரியும். டி என்றால் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா ஆலை, பிப்ரவரி 18 அன்று இன்ஜின் பூட்டப்பட்டது, சி.ஆர்.வி. என்றால் கையால் கியர் போடுகிற எல்.எஸ்.6. பக்கத்திலேயே வண்டி நம்பரின் கடைசிப் பகுதியை அடித்திருப்பார்கள்.

எழுத்தைப் படித்ததும் குதிக்காதீர்கள். எழுத்தை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், கடையில் அச்சுப் பஞ்ச் கிடைக்கிறது. எழுத்துக்கு அடியில் உள்ள உலோகத்தைப் பாருங்கள். ஆலையில் அந்த முகத்தைச் சீவியபோது விழுந்த மயிரிழைக் கோடுகள் ஒரே திசையில், ஒரே சீராக ஓடியிருக்கும். எழுத்து அந்தக் கோடுகளின் மேல் குத்தியிருக்க வேண்டும். கோடுகளே இல்லாமல் கண்ணாடி மாதிரி வழவழவென்றிருந்தால், அல்லது வட்ட வட்டமாகத் தேய்த்த தடம் தெரிந்தால், ஃபேஸிங் போட்டுப் பழைய எழுத்தை அழித்திருக்கிறார்கள். அதற்கு மேலும் எழுத்து இருக்கிறதென்றால் அது எப்போது வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு பிளாக்கை வார்த்த தேதியும் அதிலேயே வார்ப்பாக நிற்கும். A 28 0 என்றால் 1970 ஜனவரி 28. வார்த்த பிறகுதான் பூட்ட முடியும், பூட்டிய பிறகுதான் வண்டியில் ஏற்ற முடியும். ஒரு வண்டியின் உடல் தகட்டில் கட்டிய தேதி பிப்ரவரி நாலாம் வாரம் என்றிருந்தது. இன்ஜின் வார்த்த தேதி மே மாதம். பிள்ளைக்குப் பிறகு பிறந்த அப்பன்! விற்கிறவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஆலையில் சில சமயம் அப்படி நடக்கும்" என்றார். நடக்காது ஐயா.

இவ்வளவும் வாங்குமுன் செய்ய வேண்டியது. சரி, வாங்கித் தொலைத்துவிட்டாய், பிரிப்பதற்கு முன்னாலாவது பார்க்கக் கூடாதா? என் மனசு ஆறாத இடம் இதுதான்.

ரெஸ்டோர் செய்வது என்றாலே நம்மாட்களுக்கு முதல் வேலை எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, சுரண்டி, வெள்ளையாக்குவது. அந்த வண்டி யாரென்று சொல்லக்கூடிய சாட்சிகள் எல்லாம் இருப்பதே அழுக்கில்தான். ஆலையில் இன்ன வண்டிக்கு இன்ன சாமான் என்று அச்சடித்த ஒரு தாள் வண்டி கூடவே வரிசையில் வரும். வேலை முடிந்ததும் தொழிலாளி அதை எங்கேயாவது செருகிவிட்டுப் போய்விடுவான். ஷெவெலில் அது பெரும்பாலும் பெட்ரோல் டேங்க்கின் முதுகில் ஒட்டிக்கொண்டு, டேங்க்குக்கும் டிக்கித் தரைக்கும் நடுவே கிடக்கும். க்ரைஸ்லர் வண்டிகளில் பின் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள் சுருண்டிருக்கும், எலி பாதியைக் கடித்திருக்கும். பழுப்பேறி, தொட்டால் உதிர்கிற அந்தத் தாள் கிடைத்துவிட்டால் ஷெவெல் அசலா போலியா என்ற வழக்கு அங்கேயே முடிந்தது.

எனக்குத் தெரிந்த ஒருவர் தன் வண்டியை அடுத்த மாநிலத்துப் பட்டறை ஒன்றுக்கு அனுப்பினார். போகுமுன் டேங்க்கை இறக்கிப் பாருங்கள், படம் எடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "அவங்க எக்ஸ்பர்ட்டுங்க, பார்த்துப்பாங்க" என்றார். பார்த்துக்கொண்டார்கள். பிரஷர் வாஷர் வைத்து அடிப்பக்கத்தைப் பளிச்சென்று கழுவினார்கள். டேங்க் துரு என்று காயலாங்கடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினார்கள். டேங்க் மேல் காகிதம் ஏதும் இருந்ததா என்று கேட்டதற்கு, கூழ் மாதிரி என்னவோ இருந்தது, கழுவிவிட்டோம் என்று பதில். இன்ஜினை ரீபோருக்கு அனுப்பிய இடத்தில் சொல்லாமலே பிளாக்கின் மேல்முகத்துக்கு ஃபேஸிங் போட்டுவிட்டார்கள். உடம்பை மணலடித்ததில் ஆலைக்காரர்கள் கிரீஸ் பென்சிலால் கிறுக்கிய குறிகளும் போயின. மாசக்கணக்கில் காத்திருந்து வந்த வண்டி முகூர்த்தப் பட்டு மாதிரி மினுங்குகிறது. அது எல்.எஸ்.6 தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது என்பதுதான் அவருக்கு மிஞ்சிய ஆறுதல்.

'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங்கை நினைத்துக்கொள்கிறேன். 1974-ல் 6,000 டாலருக்கு வாங்கிய குடும்பம் அதைக் கடைசிவரை தேய்த்து மினுக்கவில்லை. 1977-ல் மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை. பெயிண்ட் உதிர்ந்து, தகரத்தில் அரிப்போடு அப்படியே கிடந்தது. படப்பிடிப்புக்காக அடியில் வெல்டு வைத்த பிடிப்புகளும் அப்படியே இருந்தன. ஃபோர்டு பதிவுகளோடு ஒப்பிட்டு அதுதான் இது என்று சான்று கொடுக்க முடிந்தது. 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸிம்மியில் ஏலம் போனபோது சுத்தியல் 34 லட்சம் டாலரில் விழுந்தது. நம்ம பட்டறைக்காரர் கையில் அது கிடைத்திருந்தால் அந்தப் பிடிப்புகளை முதல் நாளே கிரைண்டர் வைத்து அறுத்துவிட்டு, தனியாக அதற்கும் கூலி எழுதியிருப்பார்.

நம்பர் தகட்டில் கை வைக்கிற கூத்து வேறு. பெயிண்ட் சுத்தமாக அடிக்க வேண்டுமென்று தகட்டைக் கழற்றி மேசை டிராயரில் போட்டு வைக்கிற ஆட்கள் உண்டு. கெட்ட எண்ணம் இல்லாமலே இருக்கலாம். ஆனால் வண்டி நம்பரை அகற்றுவதும் மாற்றுவதும் இந்த நாட்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி ஐந்து வருஷம் வரை சிறை வாங்கித் தரக்கூடிய குற்றம். கான்ஸஸ் மாநிலத்தில் ஒருவர் சுமார் 50,000 டாலர் கொடுத்து 1959 கார்வெட் ஒன்றை வாங்கி, பதிவு செய்ய 2017-ல் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். முன்பு எப்போதோ ரெஸ்டோர் செய்தபோது யாரோ தகட்டைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். காவல்துறை வண்டியைப் பறிமுதல் செய்தது. அப்போதிருந்த மாநிலச் சட்டப்படி அதை நொறுக்கித்தான் ஆக வேண்டும். அவர் திருடவில்லை, ஏமாற்றவில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டும் வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 2022-ல் சட்டசபை சட்டத்தையே திருத்திய பிறகுதான் வழி பிறந்தது. நமக்காக எந்தச் சட்டசபை கூடும்?

இதற்கிடையில் போலிச் சந்தை ஜாம்ஜாமென்று நடக்கிறது. எஸ்.எஸ். எழுத்து, பட்டை, உடல் தகடு, ஐந்தாறு இதழ் விரித்த பூ மாதிரி தலையுள்ள ரிவெட், உத்தரவாதப் புத்தகத்தோடு வந்த குட்டி உலோகத் தகடு என்று எல்லாமே புதிதாகக் கிடைக்கிறது. ஆலைத் தாளை அச்சடித்து டீ டிகாஷனில் நனைத்துப் பழசாக்குகிற கைவண்ணக்காரர்களும் இருக்கிறார்கள். 1969 கமாரோவுக்கு முழு உடம்பையே புதுத் தகரத்தில் செய்து விற்கிறது டைனகார்ன் என்ற நிறுவனம். துருப்பிடித்த ஒன்றின் நம்பரை எடுத்துப் புது உடம்பில் ஏற்றிவிட்டால் எது வண்டி, எது வண்டியின் ஆவி என்று தத்துவம் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் பதில், மறைவான இடத்தில் ஆலை அடித்த இரண்டாவது நம்பர். ஜெனரல் மோட்டார்ஸ் 1968-லிருந்து முன் தடுப்புத் தகரத்தில், ஹீட்டர் பெட்டி மறைக்கிற இடத்தில் அடித்தது. மஸ்டாங்கில் முன் ஃபெண்டருக்கு உள்ளே. க்ரைஸ்லரில் ரேடியேட்டர் பிடிப்பில். ஹீட்டர் பெட்டியை இறக்க ஒரு மதியம் ஆகும். அதற்குத்தான் சோம்பல்.

"போலியா இருந்தா என்னண்ணே, ஓட்டினா ஜாலிதானே" என்று கேட்கிற தம்பிகளிடம் எனக்குச் சண்டையே இல்லை. ஓட்டத்தான் வேண்டுமென்றால் நல்ல மாலிபு ஒன்றை வாங்கி, மனசுக்குப் பிடித்த இன்ஜினைப் போட்டு, உட்வர்டில் விட்டு ஆட்டுங்கள். அது கௌரவமான வண்டி. மாலிபுவை மாலிபு விலைக்கு வாங்கி மாலிபு என்றே சொல்லிக்கொள்கிறவனை நான் கைகூப்பிக் கும்பிடுகிறேன். பல மடங்கு அதிகமான எஸ்.எஸ். விலையைக் கொடுத்துவிட்டு, சுரண்டி முடித்தபிறகு, "அண்ணே, இது அசல்தானா பார்த்துச் சொல்லுங்க" என்று கூப்பிடுகிறவர்களிடம்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. எதை வைத்துப் பார்ப்பது?

ஆகவே, பணம் எண்ணுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். விற்கிறவர் வாயால் சொல்கிற எல்லாவற்றையும் விற்பனைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்: ஆலையிலிருந்தே எஸ்.எஸ்., ஆலையில் பூட்டிய இன்ஜின், அப்படி இல்லையென்றால் பணம் வாபஸ். அசல் வைத்திருக்கிறவன் ஒரு நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவான். இழுத்தடித்தால், மாலிபு விலைக்கு மேல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.